டேங்க் கழுவுமுன்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஆலைகளில் டேங்க் கழுவும் வேலை சூடுபிடிக்கும். சேமிப்பு டேங்குகளின் வெளிப்புறம் பற்றி வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பாமாயில் டேங்க் 12 மீட்டர் விட்டம், 10 மீட்டர் உயரம். கடல் ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. மறுபடி பெயின்ட் அடிக்குமுன் கழுவ வேண்டும். 5,000 பிஎஸ்ஐ ஜெட் மெஷின் வைத்து அடிக்கலாம், துருக் கறைக்கு ஆசிட் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா? தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்?
– பராமரிப்பு மேற்பார்வையாளர், தூத்துக்குடி

பதில்: இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். முதலில் ஆசிட். கடையில் 'ஆசிட்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவை எடுக்கும்; ஆனால் குளோரைடை இரும்பின் நுண்குழிகளில் விட்டுவிட்டுப் போகும். கடலோர டேங்கை நீங்கள் கழுவுவதே குளோரைடைப் போக்கத்தான். அதையே வாளியில் கொண்டுவந்து பூசினால் புது பெயின்டின் அடியில் ஓராண்டுக்குள் கொப்புளம் கிளம்பும். பெயின்ட் நன்றாக இருந்து, மேலே துரு வழிந்த கறை மட்டும் இருந்தால் லிட்டருக்கு 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் துணியால் ஒற்றி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, நிறைய தண்ணீரில் அலசுங்கள். அது நச்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துரு இரும்பிலிருந்தே கிளம்பியிருந்தால் எந்த அமிலமும் தீர்வல்ல. அந்த இடத்தைச் சுரண்டியோ பிளாஸ்ட் (மணல் போன்ற துகளைக் காற்றழுத்தத்தில் அடித்து உரிப்பது) செய்தோ பிரைமர் அடிக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம். ஒட்டியிருக்கும் பெயின்டைக் கழுவ 120 முதல் 150 பார், அதாவது சுமார் 1,750–2,200 பிஎஸ்ஐ போதும். நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் பம்ப், 40 டிகிரி விசிறி நாசில், சுவரிலிருந்து 30 செ.மீ. தூரம். ஊசிபோல் அடிக்கும் நேர் நாசிலும் சுழலும் டர்போ நாசிலும் வேண்டாம். அவை பெயின்டில் கோடு கோடாகத் தடம் போடும். 5,000 பிஎஸ்ஐ-க்கு மேல் போனால் அது கழுவும் வேலையாக இருக்காது, தளர்ந்த பெயின்டை உரிக்கும் வேலையாகிவிடும். ஆளுக்கும் ஆபத்து. 150 பாரில் 15 லிட்டர் போகும்போது துப்பாக்கி பின்னோக்கி உந்துவது நாலரை கிலோ அளவு. 5,000 பிஎஸ்ஐ-யில் 20 லிட்டர் போனால் அது ஒன்பது கிலோவைத் தொடும். சாரத்தின் மேல் நிற்பவரால் அதை நாள் முழுக்கத் தாங்க முடியாது.

உங்கள் டேங்கின் சுவர்ப் பரப்பு 377 சதுர மீட்டர், கூரையைச் சேர்த்தால் ஏறக்குறைய 490. முதல் அலசலுக்கும் கடைசி அலசலுக்கும் சேர்த்து சதுர மீட்டருக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 7,350 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் கைவசம் மிச்சமும் இருக்கும். சோப்புக் கரைசல் சதுர மீட்டருக்கு 300 மி.லி., மொத்தம் 150 லிட்டர். 2 சதவீதம் கலந்தால் மூன்று லிட்டர் டிடர்ஜென்ட் போதும். ஒப்பந்தக்காரர் 50 லிட்டர் கேன் நாலு கேட்டால், அதில் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள்.

வேலை செய்யும் வரிசையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சுவரை இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள செங்குத்துப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பட்டையை முழுதாக முடித்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் மேலிருந்து கீழே அலசித் தூசியைத் தள்ளுங்கள். சோப்பைக் கீழிருந்து மேலே ஏற்றுங்கள். மேலிருந்து போட்டால் அது காய்ந்த அழுக்கின் மேல் வழிந்து தாரைத் தடம் பதிக்கும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கோடு தெரியும். பத்து நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மேலிருந்து கீழே அலசுங்கள். சோப்பு சுவரில் காயக் கூடாது. நம் வெயிலில் தகடு தொட முடியாத சூடாகிவிடும் என்பதால் காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலைப் பின்தொடருங்கள்.

கூரை வென்ட்டுக்கும் (காற்றும் ஆவியும் போய்வரும் துளை) மேன்ஹோலுக்கும் கீழே பழுப்பு நிறத்தில் வார்னிஷ் மாதிரி ஒட்டியிருப்பது வெயிலில் இறுகிய எண்ணெய். ஜெட்டுக்கு அது மசியாது. 60 டிகிரி வெந்நீரில், காரத்தன்மை குறைவான (பிஎச் 9–10) டிடர்ஜென்ட் கலந்து கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். அவசரத்துக்குக் காஸ்டிக் சோடா போடாதீர்கள். பழைய பெயின்ட் சிந்தெடிக் எனாமலாக இருந்தால் காஸ்டிக் அதிலுள்ள எண்ணெயையே சோப்பாக்கிவிடும்; பெயின்ட் கொழகொழத்து விரலோடு வரும்.

இனி, கடலோரத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம்: கழுவும் தண்ணீர். உங்கள் பகுதி போர் தண்ணீரில் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 2,000 என்று வையுங்கள். கழுவி முடித்ததும் சுவரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தண்ணீர் ஒட்டி நிற்கிறது. சதுர மீட்டருக்கு 100 மி.லி. அது காய்ந்தால் 200 மில்லிகிராம் உப்பு அங்கேயே தங்கும். பெயின்ட் அடிக்குமுன் கரையும் உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பல ஒப்பந்தங்களில் எழுதப்படும் வரம்பு. தண்ணீரில் மூழ்கியிருக்கும் பரப்புக்கு 20 என்றும் எழுதுவார்கள். ஆக, கழுவிய தண்ணீரே வரம்பைத் தாண்டவைத்துவிடும். முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் போகட்டும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீரோ டிடிஎஸ் 200-க்குக் கீழான நல்ல தண்ணீரோ சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் தனியாக வாங்குங்கள். உங்களுக்கு 2,500 லிட்டர் போதும்.

காய்ந்ததும், படிந்த உப்பை அளக்கும் பிரெஸ்லே பேட்ச் ஒட்டிச் சோதியுங்கள். கடலைப் பார்த்த பக்கம், விண்ட் கர்டரின் (காற்றைத் தாங்கச் சுவரைச் சுற்றியுள்ள வளையம்) அடிப்பக்கம், படிக்கட்டின் மறைவு ஆகிய மூன்று இடங்களிலும் எடுக்க வேண்டும். மழை படாத மறைவில்தான் உப்பு சேர்ந்து கிடக்கும். திறந்த சுவரில் மட்டும் எடுத்தால் நல்ல எண்தான் வரும், ஏமாந்துபோவீர்கள். கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் பெயின்ட் சுண்ணாம்பு பூத்திருக்கிறது, இன்னொரு முறை தேய்க்க வேண்டும். கழுவிய மறுநாளைக்குள் பெயின்ட் தொடங்க முடியாவிட்டால் கடைசி அலசலைத் திரும்பச் செய்யுங்கள். கடற்காற்று ஒரே இரவில் மறுபடி உப்பைப் பூசிவிடும்.

கேள்வி: வெள்ளை டீசல் டேங்கின் வடக்குச் சுவர் மட்டும் கறுத்துக்கிடக்கிறது. பக்கத்து ஆலைப் புகையா, பாசியா என்று எங்களுக்குள் வாக்குவாதம். எப்படிக் கண்டுபிடிப்பது? கழுவாமல் விட்டால்தான் என்ன?
– மணலி

பதில்: ஒரு சொட்டு பிளீச் தீர்ப்புச் சொல்லிவிடும். வீட்டுக்கு வாங்கும் 5 சதவீத பிளீச் கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கறுப்பின் மேல் ஒற்றி, ஒரு நிமிடம் பாருங்கள். வெளுத்தால் பூஞ்சை அல்லது பாசி. அப்படியே இருந்தால் புகைக்கரி, தூசி. பத்து இடத்திலாவது செய்து பாருங்கள், ஏனென்றால் இரண்டும் கலந்திருப்பது சகஜம். வடக்கு மட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எங்கள் ஊகம் பாசிதான். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது, அதனால் வடக்குச் சுவர் மெதுவாகக் காய்கிறது. புகையென்றால் காற்று வரும் பக்கம் முழுக்கப் படிந்திருக்கும்.

பாசி என்றால் சோப்பு மட்டும் போதாது. மேலே போகும், வேர் நிற்கும், அடுத்த மழையில் அதே இடத்தில் முளைக்கும். 10–12 சதவீத ஹைப்போ (அடர்த்தியான பிளீச் கரைசல்) ஒரு லிட்டருக்கு எட்டு லிட்டர் தண்ணீர் கலந்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலான கரைசல் கிடைக்கும். கீழிருந்து மேலே தெளித்து 10 முதல் 15 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, பிறகு நன்றாக அலசுங்கள். வெயிலில் கிடந்த பழைய ஹைப்போ கேன் வீரியம் இழந்திருக்கும். அன்றைய கரைசலை அன்றே கலந்து தீர்த்துவிடுங்கள். அதே வாளியில் அமிலமோ அமோனியா கலந்த கிளீனரோ சேரவே கூடாது. அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சாரத்தின் மேல் நிற்பவரால் ஓடித் தப்ப முடியாது.

கழுவாவிட்டால் முதல் நஷ்டம் சரக்கு. டேங்க் ஆவியிழப்பைக் கணக்கிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் அட்டவணையில், புது வெள்ளை பெயின்ட் வெயிலின் வெப்பத்தில் 17 சதவீதத்தை உறிஞ்சுகிறது, பழசானது 34 சதவீதத்தை. உறிஞ்சும் வெப்பம் இரட்டிப்பாகிறது என்று அர்த்தம். டீசலில் இந்த இழப்பு சொற்பம், பெட்ரோலில் கணிசம். பெயின்டே வயதாகியிருந்தால் கழுவி முழுதாக மீட்க முடியாது. மேலே படிந்த கறுப்பின் பங்கை மட்டும் மீட்கலாம். இரண்டாவது நஷ்டம், அந்தக் கறுப்புக்குப் பின்னால் இருக்கும் துருவும் கசிவும் மாதாந்தரப் பார்வையில் கண்ணுக்குப் படாமல் போவது.

கேள்வி: பெட்ரோலியம் டேங்கைக் காலி செய்யாமலே வெளியே கழுவலாமா?
– எண்ணூர்

பதில்: கழுவலாம். ஆனால் கழுவும் நேரத்தில் சரக்கு ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. ஏற்றும்போது ஆவி வென்ட் வழியே வெளியே வந்து வேலையாட்கள் மேல் இறங்கும். இறக்கும்போது டேங்க் காற்றை உள்ளே இழுக்கும். ஜெட் தெறிப்பும் அதோடு உள்ளே போகும். டீசலின் அடியில் சேரும் தண்ணீர் கிருமிப் பாசிக்கும் துருவுக்கும் வீடு.

ஓஐஎஸ்டி-105 (எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் பணி அனுமதித் தரம்) முறைப்படி பெர்மிட் எடுங்கள். ஜெட் பம்ப் டைக் சுவருக்கு (கசிவு பரவாமல் டேங்கைச் சுற்றிக் கட்டிய சுவர்) வெளியே, காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். டீசல் இன்ஜின் பம்ப் என்றால் புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் கேளுங்கள். 23 டிகிரிக்குக் கீழே ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள 'ஏ' வகுப்புச் சரக்கு என்றால் ஆளில்லா நேரத்திலும் இவற்றுக்கு விலக்குத் தராதீர்கள். வேகமாகத் தெறிக்கும் நீரும் நீராவியும் நிலைமின்சாரம் உண்டாக்கும் என்பதால் ஹோஸ் கம்பி வலையுள்ளதாக இருக்க வேண்டும், நாசிலை டேங்கின் எர்த்தோடு இணைக்க வேண்டும். வென்ட் பக்கத்தில் நீராவி வேண்டவே வேண்டாம். கேஜ் ஹேட்ச் (சரக்கின் அளவு பார்க்கும் கூரைத் துளை) மூடியிருக்கிறதா, கேஸ்கெட் உட்கார்ந்திருக்கிறதா என்று மேலே ஏறிப் பாருங்கள். மிதக்கும் கூரை டேங்க் என்றால் கூரை வடிகால் திறந்திருக்க வேண்டும், ஓரத்து ரிம் சீல் மேல் ஜெட் படக் கூடாது.

ஒரு தவறு திரும்பத் திரும்ப டேங்குகளைக் கொன்றிருக்கிறது: தண்ணீர் போகாமலிருக்க, டேங்க் மூச்சுவிடும் பிரீதர் வால்வின் மேல் பாலிதீன் உறை கட்டுவது. வேலை முடிந்ததும் உறை மறந்துபோகும், அடுத்த ஷிஃப்ட்டில் யாரோ பம்பைப் போடுவார்கள், டேங்க் உள்வாங்கி மடியும். கூம்புக் கூரை டேங்குகள் பல 60 மி.மீ. நீர்மட்ட அளவு வெற்றிடத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. பாலிதீன் அதைவிடப் பலமாகத் தாங்கி நிற்கும். உறை இல்லாமலே இன்னொரு வழியில் இதே நடக்கும். நண்பகலில் கொதிக்கும் காலி டேங்கின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உள்ளே ஆவி சுருங்கும். பிரீதரின் பேலட் (உள்ளே ஏறி இறங்கும் மூடி) ஒட்டிக்கொண்டிருந்தால் காற்று வர வழியில்லை. ஆகவே கழுவுமுன் பிரீதரைக் கழற்றி பேலட்டையும் வலையையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உறை போட வேண்டியது ரேடார் கேஜ், கேபிள் கிளாண்ட், ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவற்றுக்கு மட்டும். ஒவ்வொன்றையும் எண் போட்டுப் பெர்மிட்டில் எழுதி, கழற்றும்போது எண்ணுங்கள்.

கேள்வி: தார் டேங்கின் வெளி உறைத் தகடான அலுமினிய கிளாடிங்கைக் காஸ்டிக் கரைசலில் கழுவினார்கள். பளபளப்பு போய்க் கறுத்துவிட்டது. எதைப் போட்டால் திரும்ப வரும்?
– ராணிப்பேட்டை

பதில்: திரும்ப வராது. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைக்கிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது, கரையாத உலோகத் துகள் கறுப்பாகத் தங்குகிறது. நைலான் பேடும் நடுநிலை சோப்பும் தளர்ந்த கறுப்பை எடுக்கும், அவ்வளவே. அலுமினியத்துக்கும் கால்வனைஸ் தகட்டுக்கும் பிஎச் 6 முதல் 9 வரைக்குள் இருக்கும் சோப்புதான் சரி.

ஆனால் நாங்கள் கவலைப்படுவது நிறத்துக்காக இல்லை. அந்தக் கரைசல் எங்கே போனது? தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மழை வழிய ஏற்றவாறு கவிந்திருக்கும். கீழிருந்து மேல்நோக்கி ஜெட் அடித்தால் அந்த விளிம்பு வழியே தண்ணீர் வெப்பம் காக்கும் ராக்வூல் பஞ்சுக்குள் ஏறும், உள்ளே நனைந்தது சுலபத்தில் காயாது. கார்பன் ஸ்டீலில் மைனஸ் 12 முதல் 175 டிகிரி வரை இன்சுலேஷனுக்கு அடியில் துரு பிடிக்கும் அபாயம் உண்டு. தார் டேங்க் அதற்குள்தான் நிற்கிறது. அடிவரிசையில் நாலு தகட்டைக் கழற்றிப் பஞ்சைப் பிழிந்து பாருங்கள். ஈரம் இருந்தால் அந்த வரிசைப் பஞ்சை மாற்றியே ஆக வேண்டும். இனிமேல் கிளாடிங்குக்கு 40–50 பார், நாசில் எப்போதும் கீழ்நோக்கி. கூரை ஹேட்ச் பக்கம் ஜெட்டே வேண்டாம். 150 டிகிரி தாருக்குள் தண்ணீர் இறங்கினால் ஆயிரத்து எழுநூறு மடங்காக ஆவியாகி, தாரைப் பொங்கவைத்து வெளியே தள்ளும். அந்த வென்ட் பக்கம் ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயுவும் இருக்கும். 100 பிபிஎம்மில் மூக்கு மரத்துவிடும், வாசனையை நம்பாமல் கேஸ் மீட்டரை மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி: 98 சதவீத கந்தக அமில டேங்கின் ஃபிளேஞ்சுக்கு (குழாய் இணைப்பு) கீழே வெளிர்பச்சைப் பொடி. கழுவிவிடலாமா?
– கடலூர்

பதில்: வேண்டாம். அது இரும்பு சல்பேட், கசிவின் அடையாளம். அடர் அமிலம் மைல்ட் ஸ்டீலை அதிகம் அரிப்பதில்லை. தண்ணீர் சேர்ந்து நீர்த்ததும் வெறிகொண்டு அரிக்கும், ஹைட்ரஜனும் கிளம்பும். கசிவை நிறுத்தி, அமிலத்தை முறிக்கும் சோடா ஆஷ் தூவிப் பொடியை வாரி எடுத்த பிறகே தண்ணீர். அதுவரை பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ ஓடக் கூடாது.

கேள்வி: பால் சேமிக்கும் ஸ்டெயின்லெஸ் டேங்கை வெளியே கழுவிய ஒரே வாரத்தில் பழுப்புப் புள்ளிகள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்குமா?
– ஈரோடு

பதில்: பெரும்பாலும் அது டேங்கின் துரு இல்லை. சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருப்பார்கள். அதன் துகள் பதிந்து துருவேறியிருக்கும். ஹைப்போ தெளித்து அலசாமல் விட்டாலும் வரும், அது மோசம், ஏனென்றால் குளோரைடு நிஜமாகவே குழி தோண்டும். லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துத் துணியை நனைத்து ஒட்டிவைத்து, 20–30 நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டு, நைலான் பேடால் தேய்த்து ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். நகத்தால் தடவிப் பாருங்கள். புள்ளி போய் மழமழப்பாக இருந்தால் தீர்ந்தது. நகம் குழியில் சிக்கினால் ஆய்வாளரை அழையுங்கள்.

கேள்வி: உயரத்தில் ஏறிக் கழுவச் சாரமா, ஆளைத் தூக்கும் மேன்லிஃப்ட்டா, கயிறா?
– நாகப்பட்டினம்

பதில்: கழுவ மட்டும் என்றால் மேன்லிஃப்ட், டைக்குள் இறங்கப் பாதை இருந்தால். பல மாடல்களுக்கு வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. காற்றுதான் உச்சம், உங்கள் மெஷினின் தகட்டைப் படியுங்கள். கடற்காற்று மதியத்துக்கு மேல் எழும் என்பதால் உயரத்து வேலையைக் காலையிலேயே முடித்துவிடலாம். கயிறு என்றால் ஆளுக்கு இரண்டு கயிறு, இரண்டு தனித்தனி நங்கூரம். கூரைக் கைப்பிடிக் கம்பியில் ஒருபோதும் கட்டாதீர்கள், அது ஆளைத் தாங்கச் செய்ததல்ல. பெயின்டும் சேர்ந்து அடிப்பதானால் சாரம்தான் கட்டுப்படியாகும்.

கூரையில் கால் வைக்குமுன் தடிமன் அளந்தாக வேண்டும். புதிதில் அது வெறும் 5 மி.மீ. தகடு, உள்பக்கத்து ஆவி வியர்த்துக் கீழிருந்தே அரிக்கிறது. மேலே பெயின்ட் பளிச்சென்று இருக்கும், அடியில் காகிதமாக இருக்கும். அளவு தெரியாத கூரையில் ராஃப்டர்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, ஹார்னஸ் மாட்டி நடக்கட்டும்.

கேள்வி: கழுவிய தண்ணீரை மழைநீர் ஓடையில் விடலாமா? டேங்கின் அடியில் என்ன கவனிக்க வேண்டும்?
– மேட்டூர்

பதில்: விடக் கூடாது. தொடங்குமுன் டைக் வடிகால் வால்வை மூடிப் பூட்டி, சேர்ந்த தண்ணீரை ஈடிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) அனுப்புங்கள். ஹைப்போ தண்ணீரை மொத்தமாக அனுப்பினால் ஈடிபியின் கிருமிகள் செத்துவிடும். ஒரு நாள் தேக்கி, குளோரின் இல்லை என்று பார்த்துவிட்டுச் சிறுகச் சிறுக விடுங்கள்.

அடியில், சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும் அடித்தகட்டு விளிம்பின் மேல் மண்ணும் இலையும் சேர்ந்து ஈரம் காக்கும். அதைக் கையால் பிளாஸ்டிக் சுரண்டி கொண்டு எடுங்கள். விளிம்புக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவில் ஜெட் அடித்தால் தார் அடைப்பு பிய்ந்து, தண்ணீர் டேங்குக்கு அடியில் புகும்; அங்கே பிடிக்கும் துருவை டேங்கைக் காலி செய்யாமல் பார்க்கவே முடியாது. கடைசி அலசலுக்குப் பிறகு அரை மணி நேரம் நின்று சுவர் காய்வதைப் பாருங்கள். எல்லாம் காய்ந்த பிறகும் ஒரு வெல்ட் கோட்டில் மட்டும் ஈரம் நின்றால் அங்கே பெயின்ட் தூக்கியிருக்கிறது, அல்லது கசிகிறது. சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து ஆய்வாளருக்குக் கொடுங்கள்.

உரியும் பழைய பெயின்டின் அடியில் செங்காவி நிறப் பிரைமர் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பழைய டேங்குகளில் அது ஈயச் செந்தூரமாக இருக்கலாம். ஒரு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை அந்தப் பக்கம் ஜெட் வேண்டாம். விழுந்த செதில்களைத் தார்ப்பாய் விரித்துச் சேகரித்து, அபாயக் கழிவு என்று எழுதி மூடிய டிரம்மில் வையுங்கள்.